எது அந்த வண்டி?

உறுப்புக்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்ட பின்னரும் ஒரு பொருள் அதே பொருளாக இருக்கின்றதா என்னும் கேள்வி, தத்துவ வகுப்புக்களிலே நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகின்றது. மாணவர் அதனை ஒரு விடுகதையாகக் கொண்டு சிறிது நேரம் வாதாடி, மணி அடித்ததும் மறந்துவிடுகின்றனர். ஆசிரியரும் அதனை அறிவுக்கூர்மைக்கான பயிற்சி என்று கருதி அடுத்த பாடத்துக்குச் செல்கின்றார். ஆயின், இக்கேள்வி கையிலே ஸ்பனரோடு நிற்கும் ஒரு மனிதன் அன்றாடம் முடிவுகூற வேண்டிய நடைமுறைக் கேள்வியாக எழும் இடமொன்று உண்டு. வீட்டின் பின்புறத்துக் கொட்டகையிலே, ஐம்பது அறுபது ஆண்டு பழமையான காட்டுவழி வண்டியொன்று அக்கக்காகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் இடமே அது. உக்கிப்போன இரும்பை வெட்டி எறிந்து புதிய இரும்பை ஒட்டும்போது அவன் செய்வது பழுதுபார்த்தலா, புதிதாக ஆக்கலா? எவ்வளவு தூரம் மாற்றலாம்? எந்த எல்லையிலே பழைய வண்டி மறைந்து, வேறொன்று அதன் பெயரைச் சூடிக்கொள்கின்றது?

மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரும்பையும் எஞ்சினையும் பற்றிய கேள்விகள். சற்று ஆழ்ந்து நோக்கினால், மனித உழைப்பை நாம் எவ்வாறு மதிக்கின்றோம், அறிவு யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விகள் இவற்றினுள்ளே மறைந்திருப்பது புலனாகும்.

உதாரணத்துக்கு லாண்ட் றோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். இலங்கையரான நமக்கு அது புதியதன்று. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் நெடுங்காலம் ஓடிய வண்டி அது. அது பிறந்த கதையோ பற்றாக்குறையின் கதை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகளை உற்பத்தி செய்தன. வில்லிஸ் தொழிற்சாலையில் ஆனதன் உறுப்பு ஃபோர்ட் தொழிற்சாலையில் ஆனதற்கும் பொருந்துமாறு அவை அமைக்கப்பட்டன. ஆகவே, போர்க்களத்திலே சிதைந்த ஒரு வண்டியின் அச்சைக் கழற்றி இன்னொன்றிலே பூட்ட முடிந்தது. யுத்தம் முடிந்ததும் இவற்றுட் பல உபரிப் பொருளாக விற்கப்பட்டன. இங்கிலாந்தின் றோவர் கம்பனியிலே வண்டிகளை வடிவமைக்கும் பொறுப்பிலிருந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்சிலுள்ள அங்கிள்சித் தீவில் தமது நிலத்திலே அத்தகைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்து போனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற யோசனையிலிருந்தே லாண்ட் றோவர் பிறந்தது. 1947இல் உருவான முதல் மாதிரி ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்பிரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியிலே புதிய வண்டி உலகுக்குக் காட்டப்பட்டது.

அக்காலத்திலே பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டுக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. எனவே வண்டியின் மேலுடல் அலுமினியக் கலப்புலோகத் தகட்டினால் ஆக்கப்பட்டது. அழகிய வளைவுகளை அழுத்தி எடுக்கும் விலையுயர்ந்த அச்சுக்களைத் தவிர்ப்பதற்காக அத்தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே விடப்பட்டன. அடிச்சட்டமும் உருக்குப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பெட்டிபோல் அமைக்கப்பட்டது. மேலுடலின் பகுதிகள் பெரும்பாலும் போல்ற்றுகளினாலே இணைக்கப்பட்டன. இதன் விளைவு யாதெனில், சாதாரண ஆயுதங்களை வைத்திருக்கும் ஒருவன் தன் முற்றத்திலேயே பிரித்து மீண்டும் பூட்டக்கூடிய வண்டியொன்று உலகுக்குக் கிடைத்தது. இதனை வடிவமைத்தோரின் தயாள குணமென்று போற்ற வேண்டியதில்லை. மலிவாகவும் விரைவாகவும் ஆக்கவேண்டிய தேவையே அவ்வடிவத்தைத் தீர்மானித்தது. எனினும், தேவையினாற் பிறந்த அவ்வெளிப்படைத் தன்மை பல தலைமுறை மனிதருக்கு ஒரு கல்வியாக அமைந்துவிட்டது.

அக்கல்வி எத்தகையது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பழைய லாண்ட் றோவர் ஒன்றைப் புதுப்பிக்கத் தொடங்குபவனை முதலில் எதிர்கொள்வது கறள். உருக்குப் பற்றாக்குறையினாலே அலுமினியத்தில் ஆக்கப்பட்ட மேலுடல் அறுபது ஆண்டுகளின் பின்னரும் நிற்க, அதைத் தாங்க வேண்டிய உருக்குச் சட்டமே உள்ளிருந்து உக்கிப்போகின்றது. பெட்டி வடிவான அச்சட்டத்தினுள்ளே சேறும் நீரும் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும். குளிர் நாடுகளிலே பனியைக் கரைப்பதற்காக வீதியில் தூவும் உப்பும் அதனோடு சேரும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு கடதாசியாகிவிடும். பின்புறக் குறுக்குச் சட்டமும், எஞ்சினுக்கும் சாரதிக்கும் இடையே நிற்கும் தடுப்பின் கால்வைக்கும் பகுதியும் முதலில் அழிவன. அலுமினியமோ கறள் பிடிப்பதில்லை. ஆயினும் ஈரப்பதத்திலே உருக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில், இரு உலோகங்களுக்கிடையே நிகழும் மின்னிரசாயன மாற்றத்தினால் அதுவும் வெண்பொடியாக அரிக்கப்படும். ஒரு சிறு சுத்தியலாற் சட்டத்தை அடிமுதல் நுனிவரை தட்டிச் செல்லும்போது எழும் ஓசையே எங்கே இரும்பு இருக்கின்றது, எங்கே அதன் தோற்றம் மாத்திரம் இருக்கின்றது என்பதைக் கூறிவிடும்.

பின்னர்க் கழற்றும் வேலை. ஒவ்வொரு போல்ற்றையும் அதற்குரிய இடத்தின் பெயரெழுதித் தனித்தனி டப்பாவிலே இட்டு வைக்க வேண்டும். முதல் வரிசை வண்டிகளிலே பழைய பிரித்தானியப் புரியளவு பெரிதும் வழங்கியது. பின்வந்தவற்றிலே வேறு புரியளவுகளும் கலந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு நட்டுகளில் தவறானதைப் பலவந்தமாகத் திருகுபவன் புரியையே அழித்துவிடுவான். இங்கே பொறுமை என்பது வேலையின் ஒரு பகுதி. இறுகிய போல்ற்றுக்கு எண்ணெய் விட்டு, ஓர் இரவு காத்திருந்து, சூடேற்றி, மீண்டும் முயல வேண்டும். பொருளுக்கு அதற்கேயுரிய விதிகள் உண்டு என்பதையும், நமது விருப்பத்துக்காக அவை வளையா என்பதையும் கை முதலில் அறிந்துகொள்கின்றது. மூளை பின்னர் ஒப்புக்கொள்கின்றது.

கழற்றுந்தோறும் இன்னோர் உண்மையும் வெளிப்படுகின்றது. இவ்வண்டியைத் தொட்ட முதல் மனிதன் தானல்லன் என்பதை அவன் காண்கின்றான். ஓரிடத்திலே எவனோ ஒருவன் நேர்த்தியாக ஓட்டிய ஒட்டுவேலைத் தழும்பு இருக்கின்றது. இன்னோரிடத்தில் அவசரத்தில் வளைத்தறைந்த தகரத்துண்டு இருக்கின்றது. தொழிற்சாலையிலே பட்டைகளை ஒட்டிய தொழிலாளி, தோட்டத்துக் கராச்சிலே கியர்ப் பெட்டியைத் திறந்த மெக்கானிக், மழையில் நனைந்தபடி மின்கம்பியை முடிந்துவிட்ட சாரதி ஆகிய பெயரறியாத பலருடைய உழைப்பு அங்கே அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. நூலொன்றின் ஓரங்களிலே முன்னைய வாசகர் எழுதிச் சென்ற குறிப்புக்களைப் போல அவை அவனோடு பேசுகின்றன.

இனி நாம் முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். இதனைச் சிந்தித்த முன்னோரில் நாம் முதலில் நினைவுகூரத்தக்கவர் நாகசேனர். மிலிந்த மன்னனுடன் அவர் நடத்திய உரையாடல் பாளி மொழியிலே நமக்குக் கிடைத்துள்ளது. தேரிலே வந்ததாகக் கூறிய மன்னனிடம், தேர் என்பது எது என்று அவர் வினவுகின்றார். அச்சுத் தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை. இவையனைத்துக்கும் புறம்பாகத் தேர் என்று ஒன்று உண்டா? அதுவும் இல்லை. உறுப்புக்கள் ஒன்றுசேர்ந்த நிலைக்கு நாம் வழங்கும் பெயரே தேர் என்னும் முடிவுக்கு அவ்வுரையாடல் செல்கின்றது. கிரேக்கரிடையே இக்கேள்வி கப்பலின் வடிவில் எழுந்தது. வீரன் தீசியசின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பேணி வந்தனர் என்றும், உக்கிய பலகைகளை அகற்றிப் புதியன பொருத்தினர் என்றும், அது பழைய கப்பலா அன்றா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர் என்றும் புளூற்றாக் எழுதியுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் அதிலே மேலும் ஒரு முடிச்சைப் போட்டார். அகற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அவற்றால் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது உண்மையான கப்பல்?

கூர்மையான வாதங்கள்தாம். எனினும் இவற்றிலே ஒரு குறையை நாம் காணத்தவறலாகாது. பலகை மாற்றப்பட்டது என்கின்றனர். மாற்றியவன் யார் என்று கேட்பாரில்லை. ஏதென்ஸ் நகரத்துத் தச்சன் எந்த மரத்தைத் தெரிந்தான், எந்த உளியாற் செதுக்கினான், அவ்வித்தையை யாரிடம் கற்றான், யாருக்குக் கற்பித்தான் என்பன தத்துவ விசாரத்துக்குப் புறம்பாகிவிட்டன. கப்பலைத் துறைமுகத்திலே நின்று பார்ப்பவனுடைய கேள்வியாகவே அது நின்றுவிட்டது. கட்டியவனுடைய கேள்வியாக அது எழவில்லை. கையால் உழைப்போர் ஒரு பக்கமும் சிந்திப்போர் மறுபக்கமுமாகப் பிளவுண்ட சமுதாயத்திலே தத்துவமும் அப்பிளவின் தழும்பைச் சுமந்திருப்பதில் வியப்பில்லை.

இன்றும் எது அந்த வண்டி என்னும் வினாவுக்கு மூவர் மூன்று விதமாக விடை தருகின்றனர்.

முதலாமவர் பதிவாளர். பிரித்தானியாவின் வாகனப் பதிவு நிர்வாகம், பெரிதும் மாற்றப்பட்ட வண்டிகளுக்கென ஒரு புள்ளித்திட்டத்தை நெடுங்காலம் கையாண்டு வந்தது. அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி; வில்லமைப்பு, அச்சுக்கள், கியர் அமைப்பு, திருப்பும் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி; எஞ்சினுக்கு 1 புள்ளி. இவற்றிலே எட்டுப் புள்ளியேனும் பெற்ற வண்டியே பழைய பதிவிலக்கத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. மாற்றப்படாத அடிச்சட்டம், அல்லது உற்பத்தியாளரிடமிருந்தே நேரே பெற்ற புதிய அடிச்சட்டம் இதற்கு இன்றியமையாததாக இருந்தது. தத்துவவாதிகள் ஈராயிரம் ஆண்டாக வாதிட்டதை ஓர் எழுதுவினைஞர் கூட்டற் கணக்கால் முடித்துவிட்டார்! நகைப்புக்கிடமாகத் தோன்றினும் இதிலே நியாயம் இல்லாமலில்லை. திருடிய வண்டிக்கு வேறொன்றின் பெயரைச் சூட்டுவதைத் தடுக்கவும், வீதியிற் செல்வோரின் பாதுகாப்புக்கும் இத்தகைய எல்லை வேண்டும். ஆயின், அவ்வெல்லை மனிதர் வகுத்த வழக்கே என்பதற்கு 2025இல் அவ்விதிகள் தளர்த்தப்பட்டமையே சான்று. பழைய தோற்றத்திலும் பதிவு விபரங்களிலும் மாற்றமின்றி, இருந்தது இருந்தவாறு புதுப்பிக்கப்படும் வண்டிகளுக்கு அப்போது வழி திறந்துவிடப்பட்டது.

இரண்டாமவர் வியாபாரி. எஞ்சினிலுள்ள எண்ணும் சட்டத்திலுள்ள எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்பதே அவருடைய கேள்வி. ஒத்திருந்தால் விலை ஏறும், இல்லையெனில் இறங்கும். உழைத்துத் தேய்ந்த எஞ்சினை அகற்றி நல்லதொன்றைப் பூட்டிய உழவனுடைய செயல் இக்கணக்கிலே ஒரு குற்றமாகிவிடுகின்றது. ஓடாமற் கொட்டகையில் உறங்கிய வண்டி உயர்ந்ததாகின்றது. ஊருக்கு உழைத்த வண்டி தாழ்ந்ததாகின்றது. 2016 ஜனவரி 29ஆந் திகதி, 1948இல் தொடங்கிய பரம்பரையின் கடைசி வண்டி சொலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அதே நிறுவனம், முதல் வரிசையைச் சேர்ந்த பழைய வண்டிகளைத் தேடியெடுத்துத் தானே புதுப்பித்துச் செல்வந்தருக்கு விற்கும் திட்டமொன்றை அறிவித்தது. உழவனுக்கென்று மலிவாக ஆக்கப்பட்ட பொருள் சேகரிப்போனின் அணிகலனாயிற்று. அப்பொருள் மாறவில்லை; அது நிற்கும் சமுதாய உறவு மாறிவிட்டது.

மூன்றாமவர் அவ்வண்டியாற் பிழைப்பவர். இவருடைய விடையைக் கேட்க நாம் கிழக்கு இமயத்துக்குச் செல்ல வேண்டும். டார்ஜீலிங் மலைப்பகுதியிலே மானேபஞ்சங் என்னும் சிற்றூர் உண்டு. அங்கிருந்து 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சண்டக்பூ முகட்டுக்கு ஏறும் செங்குத்தான கரடுமுரடான பாதையிலே, 1950களில் ஆன லாண்ட் றோவர்கள் இந்நூற்றாண்டிலும் ஆட்களையும் சாமான்களையும் சுமந்து ஏறின. பல வண்டிகளிலே பழைய பெற்றோல் எஞ்சினுக்குப் பதிலாக இந்திய டீசல் எஞ்சின் பூட்டப்பட்டது. கிடைக்காத உறுப்புக்களை உள்ளூர் மெக்கானிக்குகள் தாமே செய்துகொண்டனர். அல்லது வேறு வண்டிகளிலிருந்து எடுத்துப் பொருத்தினர். பதிவாளரின் புள்ளிக் கணக்கிலே இவற்றுட் சில தேறமாட்டா. வியாபாரியின் தராசிலோ இவை எடையற்றவை. ஆனால், தந்தை ஓட்டிய வண்டியைத் தான் ஓட்டும் சாரதிக்கு அது அதே வண்டி என்பதிலே ஐயமில்லை. ஏனெனில் அதே பாதையிலே அதே பணியை அது செய்கின்றது. அதனைத் திருத்தும் அறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இடையறாது வந்துள்ளது.

இம்மூன்று விடைகளிலே மூன்றாவதே ஆழமானது என்பது என் முடிவு. ஒரு பொருளின் ஒருமை அதன் அணுக்களிலே தங்கியிருப்பதில்லை. அதனைப் பயன்படுத்தியும் பேணியும் வரும் உழைப்பின் தொடர்ச்சியிலே அது தங்கியுள்ளது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே கார்ல் மார்க்ஸ் இதனோடு தொடர்புடைய கருத்தொன்றை எடுத்துக் கூறினார். பயன்படாது கிடக்கும் இயந்திரத்தை இயற்கை அழித்துவிடும். கடந்தகால உழைப்பின் விளைவாகிய அதனை இன்றைய உயிருள்ள உழைப்பே பயனுடையதாக்குகின்றது. பழைய வண்டியின் அடியிலே படுத்துக்கிடக்கும் மனிதன் செய்வது இதைத்தான். சொலிஹல் தொழிலாளி 1950களிலே செலவிட்ட உழைப்பு வீணாகாதபடி அவன் தன் உழைப்பால் அதனை மீட்கின்றான்.

இவ்விடத்திலே ஒரு தடை எழலாம். அவ்வாறாயின் நூதனசாலையிலே கண்ணாடிக்குள் வைக்கப்பட்ட வண்டிக்கு மதிப்பில்லையா? உண்டு. அது வரலாற்றுச் சான்று. எந்தத் தகட்டை எவ்விதம் வளைத்தனர், எந்த வர்ணத்தைப் பூசினர் என்பதைப் பின்வருவோர் அறிய, மாற்றப்படாத சில பிரதிகள் வேண்டும். ஏட்டுச் சுவடியைப் பாதுகாப்பது அவசியமானது போலவே இதுவும் அவசியம். ஆயின், சுவடியைப் பாதுகாத்துவிட்டு அதனை வாசிக்கும் பயிற்சியைக் கைவிட்ட சமூகம் எதனைப் பாதுகாத்தது?

இன்னொரு தடை இதனிலும் கடுமையானது. ஓய்வும் பணமும் உள்ளவன் பொழுதுபோக்காகச் செய்யும் வேலையையும், வேறு வழியின்றி ஏழை செய்யும் வேலையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? இல்லை, வைக்கலாகாது. இதற்கு நமது மண்ணின் அனுபவமே போதுமான சான்று. 1990 யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டதன் பின் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்கு உள்ளாயிற்று. பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் எஞ்சின்கள் தாழ்ந்த அமுக்கத்திலே இயங்குவன. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் ஓரளவு ஏற்றுக்கொண்டன. துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் அவ்வண்டிகளிலே வைத்தியசாலை சென்றனர். மின்சாரம் இல்லாத இரவுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்.

அம்மெக்கானிக்குகளின் திறமையை நாம் எவ்வளவு போற்றினும் தகும். ஆனால் அத்திறமையைக் காட்டி, அதனைத் தேவையாக்கிய தடையை நியாயப்படுத்த முயல்வது பெருங்கொடுமை. பற்றாக்குறை மனிதனைக் கூர்மையாக்குகின்றது என்று வயிறு நிறைந்தவர் கூறுவது எளிது. புகையை உண்ட நெஞ்சும், விரைவாகத் தேய்ந்த எஞ்சினும், தாமதமாக வந்துசேர்ந்த நோயாளியும் அக்கணக்கிலே சேர்க்கப்படுவதில்லை. அண்மைக்காலத்திலும் இதனை ஒத்த ஒரு நிலையைக் கண்டோம். 2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்திலே பழைய வண்டிகளின் விலை வானளாவியது. கராச்சுக்களிலே திருத்தும் கைகளுக்கு வேலை பெருகியது. அக்கைகளின் சமூக மதிப்போ அவ்வாறு உயரவில்லை.

ஆகவே, நிர்ப்பந்தத்தினாற் செய்யும் திருத்தத்துக்கும் விருப்பத்தினாற் செய்யும் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு சுதந்திரத்தில் உள்ள வேறுபாடு. கை ஒன்றே; ஸ்பனரும் ஒன்றே. ஒருவன் வேண்டாமென்று விட்டுவிடலாம்; மற்றவன் விடமுடியாது. நாம் விரும்பவேண்டியது முதலாமவனின் ஓய்வும் இரண்டாமவனின் அறிவும் எல்லோருக்கும் ஒருசேரக் கிடைக்கும் நிலையையே.

அந்நிலைக்கு இன்று எழுந்துள்ள பெருந்தடை கறள் அன்று, பூட்டு. 1960களில் இங்கிலாந்திலே ஜோன் ஹெய்ன்ஸ் என்பவர் ஒரு காரை முற்றாகக் கழற்றிப் பூட்டி, ஒவ்வொரு படியையும் புகைப்படமெடுத்து, சாதாரண மனிதனுக்கு விளங்கும் கைந்நூல்களை வெளியிடத் தொடங்கினார். அவற்றைப் படித்துப் பல நாட்டு மக்கள் தமது முற்றங்களிலே எஞ்சின்களைத் திறந்தனர். 2020இல் அப்பதிப்பகம் புதிய வண்டிகளுக்கு அச்சுக் கைந்நூல் வெளியிடுவதை நிறுத்துவதாக அறிவித்தது. இன்றைய வண்டியின் பல உறுப்புக்களைக் கணினி ஆளுகின்றது. புதிய உறுப்பைப் பூட்டினாலும், உற்பத்தியாளரின் இரகசியக் குறியீட்டினால் அனுமதி வழங்கப்படும்வரை சில உறுப்புக்கள் இயங்கமாட்டா. விலை கொடுத்து வாங்கியவன் சட்டப்படி உடைமையாளன், அறிவின்படி வாடகைக்கிருப்பவன். இதனை எதிர்த்தே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, திருத்துவதற்கான தகவலைச் சிறு கராச்சுக்களுக்கும் வழங்கவேண்டும் என்று கோரினர். 2020இல், வண்டியிலிருந்து கம்பியின்றி அனுப்பப்படும் தகவல்களையும் உள்ளடக்கும்படி மீண்டும் வாக்களித்தனர்.

இதனாற் பழமை யாவும் நன்று, புதுமை யாவும் தீது என்று கொள்ளலாகாது. பழைய எஞ்சின் அதிகம் புகை கக்கும். அதிகம் எரிபொருள் குடிக்கும். பழைய பிறேக்குகளிலே நுரையீரலை அழிக்கும் கல்நார் இருந்தது. அதன் தூசியை ஊதித் துடைப்பவன் தன் உயிரோடு விளையாடுகின்றான். அரைகுறை அறிவோடு ஒட்டப்பட்ட சட்டம் வளைவிலே முறிந்தால் இறப்பவன் அதனை ஒட்டியவன் மாத்திரமல்லன்; வீதியிலே நடந்து சென்ற குழந்தையாகவும் இருக்கலாம். எனவே வீட்டிலே திருத்தும் உரிமையோடு, தெரியாததைத் தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்கும் கடமையும் பிணைந்துள்ளது. கணினியை வண்டியிலே வைத்தது குற்றமன்று. அதன் கதவை மக்களுக்கு அடைத்தது குற்றம்.

ஒருவன் தனியாக எதனையும் புதுப்பிப்பதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தன் கையாலேயே யாவையும் செய்தேன் என்று பெருமை கொள்பவனுக்கு, துத்தநாகம் பூசிய புதிய சட்டத்தை எங்கோ ஒரு பட்டறைத் தொழிலாளர் ஆக்கிக் கொடுத்தனர். ரப்பர் வளையத்தை இன்னொருவர் வார்த்தார். வழியைக் கைந்நூலிலே வேறொருவர் எழுதினார். கொட்டகையின் தனிமை ஒரு தோற்றமே. அதனுள்ளே சமுதாயம் முழுவதும் நின்று வேலைசெய்கின்றது. தன்னுழைப்பின் பெருமையை உணர்ந்தவன் பிறருழைப்பின் பெருமையையும் உணர்வானாயின், அவ்வேலை அவனை மனிதனாக வளர்த்ததென்று கூறலாம். உணராவிடின், பளபளக்கும் ஒரு வண்டிதான் மிஞ்சும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இதிலிருந்து கொள்ளவேண்டியது யாது? நமது கல்வி இன்னும் கிறீஸ் படிந்த கையைத் தோல்வியின் அடையாளமாகவே காட்டிவருகின்றது. பரீட்சையிலே தவறியவனே கராச்சுக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்லாமற் சொல்கின்றோம். நெம்புகோலின் விதியைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் ஜாக்கி வைக்கத் தெரியாதவராக இருப்பதும், ஜாக்கி வைக்கத் தெரிந்தவனுக்கு அவ்விதியை யாரும் சொல்லிக் கொடாததும் ஒரே அநீதியின் இரு முகங்கள். இருவரும் பாதி அறிவோடு வாழ விதிக்கப்பட்டுள்ளனர். பள்ளிக்கூடத்தின் பின்புறத்திலே பழைய எஞ்சின் ஒன்றைக் கொணர்ந்து வைத்து, பௌதிக ஆசிரியரும் ஊர் மெக்கானிக்கும் அருகருகே நின்று மாணவருக்கு அதனைத் திறந்து காட்டும் நாளிலே, இருவருமே ஒருவரிடமிருந்து மற்றவர் கற்பர். அம்மெக்கானிக்கை 'சேர்' என்று மாணவன் அழைக்கும் பழக்கமும் அன்று தொடங்கலாம்.

எது அந்த வண்டி என்று இனி யாரேனும் கேட்பின், உறுப்புக்களை எண்ணி விடைகூற முற்பட வேண்டாம். அதனைத் திறக்கவும் அறியவும் மீண்டும் ஓடச்செய்யவும் வல்ல மனிதர் நம்மிடையே இருக்கின்றனரா, அவர்கள் தம் அறிவைப் பின்வருவோர்க்கு வழங்க வழி இருக்கின்றதா என்று கேட்போம். இருப்பின், சட்டமும் எஞ்சினும் சக்கரமும் மாறினும் அது அதே வண்டி. இல்லையெனில், ஓர் ஆணிகூட மாறாமல் அது நம் முன்னே நின்றாலும், நாம் காண்பது ஓர் இரும்புக் குவியலையே.